முதுகுப்பையை விட்டு விலகும்போது

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய குனோங் தாஹான் 2,187 மீட்டர் உயரமுடையது. இத்தகைய மலைகளுக்குச் செல்லும் நம் இளைஞர்கள், முதுகுப்பையைப் பாதையோரம் இறக்கி வைத்துவிட்டு, நீர் மொள்ளவோ இயற்கைக் கடன் கழிக்கவோ காட்டினுள் விலகுவதுண்டு. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அடர்ந்த காட்டில் 20 அடி சென்றாலே பாதை மறைந்துவிடக்கூடும்; உணவும் கூடாரமும் பையிலேயே தங்கிவிடும்.

ஆகவே விசில், கைவிளக்கு, தீப்பெட்டி, நீர்ப்புட்டி, மழையங்கி ஆகியவற்றைச் சிறு பையிலிட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளுதல் வேண்டும். செல்லும் திசையைத் தோழரிடம் கூறிச் செல்க. வழி தவறினால் அலையாதீர்கள். நின்ற இடத்திலேயே இருந்து, விட்டு விட்டு மும்முறை விசில் ஊதுங்கள். நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டில் அந்திப்பொழுது குறுகியது. கதிரவன் மறைந்ததும் இருள் விரைந்து சூழும் என்பதை மறத்தலாகாது.