சீப்பு பட்டாலே ஒடிகிறதா?

கேள்வி: போர் தண்ணீரில் குளித்துக் குளித்து முடி வறண்டு, வாரினாலே ஒடிகிறது. வீட்டிலேயே வைத்தியம் உண்டா?

பதில்: உண்டு. தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முன்பே தடவுங்கள். பலரும் குளித்த பிறகுதான் தடவுகிறார்கள். முன்பே தடவினால் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் இழப்பதைக் குறைக்கும். வாரம் ஒருநாள் ஷாம்புவுக்குப் பதில் செம்பருத்தி இலை. ஒரு கைப்பிடி பறித்துத் தண்ணீரில் கசக்கினால் வழவழவென்று பச்சைச் சாறு வரும். துணியில் வடிகட்டிக்கொண்டால் திப்பி தலையில் ஒட்டாது. ஊறவைத்து அரைத்த வெந்தயமும் நல்லதுதான், அலசி முடிக்கப் பொறுமை இருந்தால்! கடைசி அலசலுக்கு மட்டுமாவது உப்பில்லாத நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்து வையுங்கள். ஈரத் தலையை வாராதீர்கள். முடி கொத்தாகக் கொட்டி, உடம்பும் அசதியாக இருந்தால் தைராய்டு, ரத்தசோகைக்குப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்கு எண்ணெய் உதவாது.