கோட்டைக்குப் போக நினைக்கும் மலைப்பிள்ளைகளுக்கு

தம்பிகளே, தங்கைகளே, 234 பேர் உட்காரும் சட்டப்பேரவையில் நீலகிரிக்கு மூன்றே இடம்: உதகை, குன்னூர், கூடலூர். தோட்டத் தொழிலாளர் சங்க ஆபீசில் மனு எழுதியே முடி நரைத்தவன் நான். கட்சி பார்க்காமல் எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் அந்த மனுக்களோடு போய் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1. முதலில் சட்டத்தைப் படியுங்கள். சாக்கடை கட்டித் தருவதும் கல்யாண வீட்டுக்குப் போவதும் பிறகு. கூடலூர் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் குடியிருப்புகளுக்கும் போய்ப் பாருங்கள். வாசலுக்கு நேரே மின்கம்பம் நிற்கும், வீட்டுக்குள் கரன்ட் இருக்காது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மெழுகுவர்த்தியைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி நகர்த்தி வைக்கும். மின்வாரியத்தைத் திட்டிப் பயனில்லை. அந்த நிலம் பட்டா இல்லாத 'செக்ஷன் 17'. நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்தின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை உரிமை நிலங்களை, அரசு எடுத்துக்கொள்ள 1969-ல் நம் சட்டப்பேரவை நிறைவேற்றிய கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அது. தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்ட நிலங்களைப் பற்றியது. 1972-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் ஒரு பகுதியைச் செல்லாதென்றது. 1974-ல் அரசமைப்பைத் திருத்தி, நீதிமன்றம் கை வைக்க முடியாதபடி, இந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். அதையும் எதிர்த்துப் போன வழக்கில்தான் 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கொய்லோ வழக்கு என்று இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நடத்துகிறார்கள். நம்மூர் நிலத்தின் வழக்கு அது! ஒட்டுமொத்த நாட்டுக்கும் நெறி வகுத்துவிட்டது, நம் ஜனங்களுக்குப் பட்டா மட்டும் வரவில்லை. இந்தக் கதை தெரியாத எம்.எல்.ஏ. தாசில்தாருக்கு போன் போடுவார். தெரிந்தவர் வருவாய்த் துறை அமைச்சரைச் சபையில் எழுப்பிக் கேட்பார்.

2. எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் எல்லாமே 'தேயிலைப் பிரச்சினை'தான், கோட்டையில் அது நாலு துறை. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ வனத்துறையின் கீழ் வருகிறது. கூட்டுறவுத் தேயிலை ஃபாக்டரிகளும் அவற்றின் இணையமான இன்கோசர்வும் சிறு தொழில் துறை. தோட்டக் கூலி தொழிலாளர் நலத்துறை. நிலம் வருவாய்த் துறை. மானியக் கோரிக்கை நாள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. தொழிலாளர் நாளில் டான்டீயைப் பற்றிப் பேசினால் அமைச்சர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார், உங்களுக்குக் கொடுத்த நிமிடங்களும் போய்விடும். டான்டீயைச் சொல்லும்போது ஒன்றை மறக்காதீர்கள். 1964-ஆம் ஆண்டு சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் அந்தத் தோட்டங்களையே போட்டார்கள். அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-ல் அரசு முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்று பயந்தவர்கள் அந்த மக்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். கடல் தாண்டி வந்த குடும்பத்தை இன்னொரு தடவை வீடில்லாமல் நிற்க விடுவது பாவம்.

3. டெல்லி செய்ய வேண்டியதைச் சென்னையிலிருந்து வாங்கித் தருகிறேன் என்று மேடையில் சொல்லாதீர்கள். படுகர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அவர்கள் ஊரான ஒவ்வொரு ஹட்டியிலும் உங்கள் முன் வரும். மாநில அரசு பரிந்துரை செய்யலாம், பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. பச்சைத் தேயிலை விலையும் பாதி அப்படித்தான். மாதந்தோறும் விலை அறிவிப்பது மத்திய அரசின் தேயிலை வாரியம். ஆனால் கூட்டுறவு ஃபாக்டரி விவசாயிக்குப் பணத்தை எப்போது பட்டுவாடா செய்கிறது என்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது. அதைப் பிடியுங்கள். முடியாததை முடியாது என்று ஊர்க்கவுடர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அன்றைக்குக் கோபப்படுவார், அடுத்த தேர்தலில் மதிப்பார்.

4. 'அரசின் பரிசீலனையில் உள்ளது', 'நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்' என்ற பதில்களோடு ஊர் திரும்பாதீர்கள். துணைக் கேள்வி கேட்டு, எந்த ஆண்டு, எவ்வளவு தொகை என்று சொல்ல வையுங்கள். சபையில் தந்த வாக்கைத் தொடர்ந்து பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவுக்கு எழுதாத எம்.எல்.ஏ. பாதி வேலைதான் செய்கிறார்.

5. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்: தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறு சமூகங்களும் நம் மலையில் வாழ்கின்றன. ஒரு பணியர் குடியிருப்பில் ஓட்டு சொற்பம். அதனாலேயே ஜீப் அங்கே போவதில்லை. நீங்கள் நடந்தே போங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிராம சபை கூடியதா, எத்தனை பேர் கையில் உரிமைப் பத்திரம் இருக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்து அங்குள்ள ஓர் அம்மாவிடம் கேளுங்கள். கூட வரும் அதிகாரி பதில் சொன்னால் நிறுத்தி, அந்த அம்மாவையே பேச விடுங்கள்.

6. மழைக்காலத்தில் தொகுதியை விட்டு நகராதீர்கள். 2009 நவம்பர் மண்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. சரிவில் கட்டடம் கட்ட விதிவிலக்குக் கேட்டு உங்களிடம் வருபவர் தேர்தலுக்குப் பணம் கொடுத்தவராகவே இருப்பார். அப்போதும் கையெழுத்துப் போடாதீர்கள். கீழே இருப்பது இன்னொருவர் வீடு.

7. உப்பதலை ஆரி கவுடரைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். படுகர்களில் முதல் பட்டதாரி, அந்தக் காலத்துச் சென்னை சட்டசபையில் உறுப்பினர். மேட்டுப்பாளையம் மண்டியில் நம் உருளைக்கிழங்குக்குத் தரகர் வைத்ததே விலை என்று இருந்தபோது, 1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஏற்பட முன்னின்றார். அவர் 1971-ல் காலமானார். சங்கம் அதற்குப் பிறகும் கிழங்கு ஏலம் போட்டது. தொகுதி நிதியில் நிழற்குடை கட்டிப் பெயர் எழுதிக்கொள்வதைவிட, தனக்குப் பிறகும் நிற்கும் சங்கத்தை ஏற்படுத்துவது எவ்வளவோ பெரிய வேலை.

8. 1959 ஏப்ரலில் சட்டப்பேரவையே உதகைக்கு வந்து அரன்மோர் மாளிகையில் கூடியது. இனி அப்படி வராது. மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நம் ஊர் மலர்க் கண்காட்சியும் குளிரும்தான். ஆகவே மற்ற தொகுதி உறுப்பினர்களை, எதிர்க்கட்சியாக இருந்தாலும், சீசன் முடிந்த பிறகு அழைத்து வந்து லைன் வீட்டையும் கொழுந்து நிறுக்கும் இடத்தையும் காட்டுங்கள். மூன்று பேர் குரல் முப்பது பேர் குரலாவதற்கு எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

9. தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். முதல் டீ வாங்கிக் கொடுத்த நாளிலிருந்தே நோட்டுப் போட்டு எழுதுங்கள். எழுதுவது உங்கள் கையாகவே இருக்கட்டும், மச்சானிடம் விடாதீர்கள்.