வாடையைக் காட்சியாக்குங்கள்: கம்பெனி வேலையோடு திரைக்கதை எழுத ஒரு வழிகாட்டி

ஆம்பூரில் விடிந்ததும் பைபாஸ் ஓரம் நின்று பாருங்கள். தோளில் சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஆட்கள் கம்பெனி வண்டிக்குக் காத்திருப்பார்கள். அந்தப் பைகளில் ஏதோ ஒன்றில், டிபன் பாக்ஸுக்கு அடியில், கதை எழுதிய நோட்டும் இருக்கும். இந்தக் கட்டுரை அந்த நோட்டின் சொந்தக்காரருக்கு.

"சினிமாவுக்கு எழுதணும்னா வேலையை விட்டுட்டு மெட்ராஸுக்குப் போயிடணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் நின்ற காலத்தில் நானும் அதை நம்பினேன். ஆனால் சுஜாதா, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டேதான் நாவலும் எழுதினார், சினிமாவுக்கும் எழுதினார். கே.பாலசந்தர் நாடகம் எழுதிய காலத்தில் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் (ஏஜி) ஆபீஸ் ஊழியர். 'விசாரணை' படத்துக்கு மூலமான 'லாக்கப்' நாவலை எழுதிய மு.சந்திரகுமார் கோவையில் ஆட்டோ ஓட்டியவர். சம்பளம் வரும் வேலை எழுத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். வேலையோடு எழுதும் முறையைப் பழகிக்கொண்டால் போதும்.

தேவையானவை: சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று, பெரிய நோட்டு ஒன்று, தமிழ் தட்டச்சு வரும் போன், பழைய ஷூ பெட்டி நாலைந்து.

1. நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 120 பக்கம். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒரு பக்கம் எழுதினால் 20 வாரத்தில் முதல் பிரதி கையில் இருக்கும்.

அந்த ஒரு பக்கத்தைக் காலையில் எழுதுங்கள். ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்த இரவில் உடம்பு கேட்காது. வண்டி வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்தால், குளியல், டீ போக முக்கால் மணி நேரம் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை புதிதாக எழுதாதீர்கள். வாரத்தில் எழுதிய ஆறு பக்கத்தையும் சத்தம் போட்டுப் படிக்க மட்டும் அந்த நாள்.

2. நாளுக்கு மூன்று குறிப்பு

சின்ன நோட்டில் தினமும் மூன்றே வரி: இன்று கண்ணில் பட்டது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று, யாருடைய கையாவது செய்தது ஒன்று.

மூன்றாவதுதான் முக்கியம். மனிதர்கள் வாயால் மறைப்பதைக் கை காட்டிக்கொடுத்துவிடும். கிளிக்கிங்கில், அதாவது தோல் வெட்டும் இடத்தில், நிற்பவர் தோலை விரித்ததும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். எங்கே தழும்பு இருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரியும். அதே கை, மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த நாளில் தடவாமலே வெட்டிவிடும். இந்த இரண்டையும் குறித்து வைத்தவரிடம் ஒரு காட்சி தயாராக இருக்கிறது.

3. வாடையைக் காட்சியாக மாற்றுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போவோம். தோல் ஊர்களுக்கென்று ஒரு வாடை உண்டு. ரயிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பவரும் எந்தப் பக்கம் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவார். கேமராவுக்கோ மூக்கு கிடையாது. "தோல் பதனிடும் ஷாப்பில் கடும் நாற்றம்" என்று எழுதினால் இயக்குநரால் அதை எடுக்க முடியாது.

திரைக்கதையில் கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே எழுத்து. ஆகவே வாடை மனிதர்களை என்ன செய்ய வைக்கிறது என்று பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா முந்தானையை மூக்கில் வைக்கிறார். கல்யாணப் பந்தியில் ஒருவர் கடைசி இலையாகப் பார்த்து உட்காருகிறார். என் நோட்டிலிருந்து ஒரு காட்சி:

காட்சி 7. வீட்டு வாசல். இரவு.
தண்ணீர்த் தொட்டி ஓரம் அவன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறான். முகர்ந்து பார்க்கிறான். பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோலை எடுத்துத் தேய்க்கிறான். மறுபடி முகர்கிறான். உள்ளே குழந்தை அழும் சத்தம்.
மனைவி (குரல்): இன்னா பண்ற அங்க? கொயந்த அழுவுது பாரு.
அவன்: தோ, வந்துட்டேன்.
வரவில்லை. மூன்றாம் முறை சோப்பை எடுக்கிறான்.

வாடை என்ற சொல் இதில் எங்கும் வரவில்லை. உங்கள் கதையிலும் பசி, பயம், அவமானம் என்று எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் சுழித்துவிட்டு, அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்யும் என்று எழுதிப் பாருங்கள்.

4. பேச்சு மாறும் இடத்தைப் பிடியுங்கள்

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் ஒரே ஆள் வீட்டில் உருதுவும் கடையில் தமிழும் பேசுவார். நம் வட ஆற்காட்டுத் தமிழுக்கென்று "வந்துகினு", "போய்கினு" என ஓர் ஓட்டம் உண்டு. சூப்பர்வைசர் முன்னால் அதே வாய் புத்தகத் தமிழுக்குப் போய்விடும்.

வசனம் எழுதப் பழகுகிறவர், ஒருவர் எந்த நொடியில் மொழியை மாற்றுகிறார் என்று கேட்க வேண்டும். கோபத்திலா, பணப் பேச்சிலா, வேறு யாரோ உள்ளே வந்ததாலா? அந்த நொடியில்தான் உறவின் நிறம் தெரியும். வட்டார வழக்கை வரிக்கு வரி திணித்தால் படிப்பவர் களைத்துப் போவார். மாறும் இடத்தில் மட்டும் துல்லியமாக எழுதினால் காது மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

5. வாரம் ஒரு சிறுகதை, ஒரு படம்

ராணிப்பேட்டையில் வளர்ந்தவர் வெற்றிமாறன். அவருடைய அம்மா மேகலா சித்ரவேல் நாவலாசிரியர். வெற்றிமாறன் பாலுமகேந்திராவிடம் உதவியாளராகச் சேர்ந்த காலத்தில், தமிழ்ச் சிறுகதைகளைப் படமாக்கிய 'கதை நேரம்' தொடரில் வேலை பார்த்தார். பிறகு 'ஆடுகளம்' எழுதுவதற்காக மதுரைக்குப் போய்த் தங்கிச் சேவல் சண்டைக்காரர்களைப் பார்த்தார். 2010-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த இயக்கத்தோடு சிறந்த திரைக்கதைக்கான விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

அந்தப் பயிற்சியை நாமும் வீட்டிலிருந்தே செய்யலாம். வாரம் ஒரு சிறுகதை படித்து, அதை ஒரே பக்கத்தில் காட்சிகளாகச் சுருக்குங்கள். பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனிலிருந்து தொடங்குங்கள். நம் மண்ணின் மனிதர்கள் அவர் எழுத்தில் இருக்கிறார்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி.செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலையும் படியுங்கள். 2012-இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

படம் பார்க்கும்போது காட்சிகளுக்கு எண் போட்டு எழுதுங்கள். 'அசுரன்' படத்தில் மாரியம்மாள் காலில் போடும் ஒரு ஜோடி செருப்பு எந்தக் காட்சியில் வருகிறது, அடுத்து எதைக் கிளப்புகிறது, எங்கே போய் முடிகிறது என்று குறித்துப் பாருங்கள். நாள் முழுக்க ஜோடி எண்ணும் நமக்கு அந்தப் பாடம் சட்டென்று பிடிபடும்.

6. இரண்டு பக்கமும் விசாரியுங்கள்

தோல் ஷாப் கழிவால் கெட்ட பாலாற்றைப் பற்றி எழுதாமல் இங்கே கதை எழுதுவது கஷ்டம். அந்தக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடிப்படைகளில் ஒன்று. 2025 ஜனவரியில் அதே பிரச்சினையில் மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள்.

தீர்ப்புகளைப் படியுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகு கிணறு கெட்டுப்போன விவசாயியிடமும் பேசுங்கள், ஷாப்பை மூடினால் அடுப்பு எரியாத தொழிலாளியிடமும் பேசுங்கள். இருவரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியாக இருப்பதும் உண்டு. கதைக்கு வேண்டிய மோதல் அந்த வீட்டிலேயே இருக்கிறது, வில்லனைத் தேடி வெளியே அலைய வேண்டாம். உண்மையில் நடந்த துயரத்தை எழுதும்போது பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள். உயிரோடிருப்பவர் கதை என்றால் அவரிடம் அனுமதி கேளுங்கள்.

7. சீன் ஆர்டரைத் தரையில் பரப்புங்கள்

முதலில் கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. பிறகு ஷூ பெட்டி அட்டையைச் சீட்டு சீட்டாக வெட்டி, சீட்டுக்கு ஒரு காட்சி எழுதுங்கள். இடம், நேரம், யார் யார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது, இவ்வளவு போதும். அறுபது சீட்டுக்குப் பக்கமாக வரும். ஞாயிறு மதியம் தரையில் வரிசையாக அடுக்குங்கள். எதுவுமே மாறாத சீட்டை எடுத்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள். கதை இடறாமல் போனால் அந்தக் காட்சி தேவையில்லை.

8. தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

பிரதி முடிந்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு அந்த வாழ்க்கை தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் தெருவில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் அந்த ஏழாம் காட்சியை வாசித்தேன். எலுமிச்சைத் தோல் வந்த இடத்தில் கை காட்டி நிறுத்தினார்.

"எரியுமே தம்பி. சுண்ணாம்புல கை வெடிச்சிருக்கும்ல?"

"அப்ப தேய்க்க மாட்டாங்களா?"

"தேய்ப்போம். கொயந்தயத் தூக்கணுமே."

அன்றிரவு காட்சியில் ஒரு வரி சேர்த்தேன்: எலுமிச்சை பட்டதும் பல்லைக் கடித்துக்கொள்கிறான், தேய்ப்பதை நிறுத்தவில்லை. எத்தனை பக்கம் எழுதினாலும் எனக்கு வராத வரி அது.

9. பதிவு செய்த பிறகு பேசுங்கள்

நடு ராத்திரியில் தோன்றிய கருவுக்குச் சட்டத்தில் காப்புரிமை இல்லை. வெறும் கருத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நீங்கள் எழுதி வைத்த வடிவத்தைத்தான் காக்கும். ஆகவே முழுத் திரைக்கதையாகவோ, குறைந்தது விரிவான கதைச் சுருக்கமாகவோ எழுதி, சென்னையிலுள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ மத்திய அரசின் காப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்திலோ பதிவு செய்யுங்கள். 2018-இல் 'சர்கார்' படம் வெளிவரும் நேரத்தில், அதன் கதை தன்னுடையது என்று வழக்குப் போட்ட வருண் ராஜேந்திரன் என்ற எழுத்தாளருக்குக் கைகொடுத்தது, 2007-இல் 'செங்கோல்' என்ற பெயரில் சங்கத்தில் அவர் செய்து வைத்த பதிவு. படத்தில் அவர் பெயரைக் காட்டுவதாக ஒப்புக்கொண்ட பிறகே வழக்கு முடிந்தது.

வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நான் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத்தான் இதைக் கற்றேன். கதையை வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும்.

10. கதை சொல்லப் போகும் நாள்

வேலையை விடாதீர்கள், ஒரு நாள் லீவு போடுங்கள். விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையிலேயே சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் வடபழனி. சாயங்காலம் அதே வண்டியில் திரும்பிவிடலாம். பத்து நிமிடத்தில் சொல்ல ஒரு வடிவமும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு வடிவமும் வைத்திருங்கள். இரண்டையும் மனப்பாடம் செய்யாமல், பக்கத்து மெஷின்காரரிடம் டீ நேரத்தில் சொல்வதுபோலப் பழகிக்கொள்ளுங்கள்.

எதிரே உட்கார்ந்து கேட்பவர் நம் ஊர்ப் பக்கமே வந்திராதவராக இருக்கலாம். வாடையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். ஏழாம் காட்சியைச் சொல்லும்போது அவர் கையைக் கவனியுங்கள். தன்னையறியாமல் அது மூக்கருகே போனால், கதை அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.