அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய்: எதை நம்பிக் காத்திருப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 69 வயது. சர்க்கரையும் இதயக் கோளாறும் ஏற்கெனவே உண்டு. அசதி, விட்டு விட்டு வந்த காய்ச்சல் என்று பரிசோதிக்கப் போனதில் 'ஏ.எம்.எல்.' என்கிற ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். கடுமையான கீமோவைத் தாங்கமாட்டார் என்பதால் அசாசைடிடின் ஊசியும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பாவிடம் 'ரத்தத்துல கிருமி' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். ராத்திரியெல்லாம் நெட்டில் படிக்கிறேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. பார்க்க வருகிறவர்களோ 'பாசிட்டிவா இரு' என்கிறார்கள். எதை வைத்துப் பாசிட்டிவாக இருப்பது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த அறிவுரையை ஓரமாக வையுங்கள். மகள் குளியலறையில் அழுதால் அப்பாவின் வெள்ளையணு குறையாது. சிரித்த முகமாக இருந்தால் ஏறவும் ஏறாது. மருந்து செய்ய வேண்டிய வேலையை உங்கள் மனநிலையின் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்தது நெட். ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. சி.எம்.எல். என்ற வகைக்கு 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்தது. அதன் காப்புரிமை வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், மலிவான இந்தியத் தயாரிப்புகள் தடையின்றித் தொடர்ந்தன. இன்று அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் சர்க்கரைக்காரர்களைப் போல மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஏ.பி.எல். என்ற இன்னொரு வகை, ஒரு காலத்தில் நாட்கணக்கில் ஆளைக் கொண்டுபோனது. பாஷாணம் என்று நாம் அஞ்சும் ஆர்சனிக்கை மருந்தாக்கி, அதை மட்டுமே கொடுத்துப் பலரைப் பிழைக்க வைத்த அனுபவத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். இந்த இரண்டும் உங்கள் அப்பாவின் நோய் அல்ல. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் 'எங்க மாமா பொழைச்சுட்டார்' கதையும் பொருந்தாது, 'ஒரே மாசத்துல போயிட்டார்' கதையும் பொருந்தாது.

உங்கள் அப்பாவின் நோய்க்கு உரிய கணக்கு வேறு. கடுமையான கீமோவுக்கு ஏற்ற உடல்நிலை இல்லாத 431 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. இரண்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் அடங்கியது. அவர்களின் இடைநிலை ஆயுள் 14.7 மாதம், ஊசி மட்டும் பெற்றவர்களுக்கு 9.6 மாதம். இந்தப் பதினான்கு மாதத்தைத்தான் இரவு இரண்டு மணிக்கு நீங்கள் கெடு தேதியாகப் படித்திருப்பீர்கள். அது கெடு அல்ல. பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள், பாதிப் பேர் தாண்டவில்லை. அவ்வளவுதான் அந்த எண்ணுக்குத் தெரியும். ஹார்வர்டில் இருந்த உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்றில் அரிய புற்றுநோய் வந்தது. அதற்கு இடைநிலை ஆயுள் எட்டு மாதம். அவர் அந்த எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஒரு கட்டுரையே எழுதினார். 2002 வரை வாழ்ந்து, வேறொரு புற்றுநோயில்தான் இறந்தார். எல்லோரும் கூல்டு ஆகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே நெட்டிடம் கேட்பதை மருத்துவரிடம் கேளுங்கள். 'அப்பாவுக்கு எந்த மரபணு மாற்றம் இருக்கிறது?' என்பது முதல் கேள்வி. என்.பி.எம்.1 மாற்றம் இருந்தால் இந்த மருந்துகள் பொதுவாக நன்றாகவே கேட்கும்; டி.பி.53 இருந்தால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் நீடிப்பதில்லை. 'இந்த வாரம் எதை எதிர்பார்க்கலாம், எதற்குப் பயப்பட வேண்டும்?' என்பது இரண்டாவது. வார்டில் நாள் தள்ளியவர்கள் பலரும் பிடித்துக்கொள்வது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். அடுத்த ஆண்டு தீபாவளியைப் பற்றி யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் 28 நாள் சுற்றைப் பற்றி நிறையச் சொல்ல முடியும். பொதுவாக ஏழு நாள் ஊசி. அதன்பின் 'கவுன்ட்' சரியும். சரிவைப் பார்த்து வீடே இடிந்துபோகும், ஆனால் அதில் பெரும்பங்கு மருந்தின் வேலையாகவே இருக்கலாம். முதல் சுற்றின் கடைசியில் எலும்பு மஜ்ஜையைச் சோதிப்பார்கள். அந்த ரிப்போர்ட்தான் உண்மையான முதல் செய்தி. அதற்கு முன் வரும் ஒவ்வொரு ரத்தச் சீட்டையும் தீர்ப்பாகப் படிக்கத் தேவையில்லை.

கவுன்ட் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திண்டுக்கல்லில் எங்கே போவது, வண்டிக்கு யார் என்பதை இன்றைக்கே முடிவு செய்து வைப்பது, பத்து ஆறுதல் வார்த்தைகளைவிட அதிகத் தூக்கம் தரும்.

'பாசிட்டிவா இரு' என்பவர்களுக்கும் வேலை கொடுக்கலாம். பிளேட்லெட்டைப் பொதுவாக ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் டோனர் தேவை தொடர்ந்து வரும். ஒருவர் 48 மணி நேர இடைவெளியில் மறுபடி தரலாம்; வாரத்துக்கு இரண்டு முறை, ஆண்டுக்கு 24 முறை என்பது வரம்பு. 'எங்கப்பாவுக்கு நானே தர்றேன்' என்று மகனோ மகளோ முன்வருவது இயல்பு. ஆனால் நெருங்கிய ரத்த உறவினரின் அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் அரிய ஆபத்து உண்டு. அப்படித் தந்தாலும் கதிர்வீச்சு செலுத்திய பிறகே ஏற்ற வேண்டும். நண்பர்கள், தெருக்காரர்கள், அலுவலகத்தார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பப்பாளி இலைச் சாறு கொண்டுவரும் அத்தையிடம் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம். எதிர்ப்பு சக்தி இறங்கிய உடம்பில் பச்சைச் சாறு வழியாகக் கிருமி போக இடமுண்டு.

இனி அந்தக் 'கிருமி' விஷயம். புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் அப்பா உள்ளே போகிறார், பக்கத்துக் கட்டில்காரர்களோடு பேசுகிறார். அநேகமாக அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது போல இருந்து உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கவும் கூடும். ஒரேயடியாகப் போட்டு உடைக்க வேண்டாம். 'டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னப்பா புரிஞ்சுது? இன்னும் ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும், பொய் மட்டும் வேண்டாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், வீட்டில் இருக்க வேண்டுமா, யாரைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

வலி, வாந்தி, பதற்றம் ஆகியவற்றைக் கவனிக்கும் வலிநிவாரண சிகிச்சைக் குழுவை இப்போதே கேளுங்கள். 'கைவிட்ட பிறகுதான் அங்கே அனுப்புவார்கள்' என்பது தவறான பயம். பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்ட 160 பேரிடம் நடந்த ஆய்வில் (2016), இக்குழுவின் கவனிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தாரிடமும் மனச்சோர்வு அவ்வளவாகக் கூடவில்லை.

குடும்பத்தார் என்றால் நீங்களும்தான். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது தம்பியோ சித்தப்பாவோ அப்பாவோடு இருக்கட்டும். நீங்கள் வீட்டில் படுத்துத் தூங்குங்கள். தூக்கமே வராமல், சாப்பிடப் பிடிக்காமல் நாட்கள் நீண்டால் அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலேயே பேசலாம்.