கம்பெனி மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் உன் பி.எஃப். என்னாகும்?

தங்கச்சி, கம்பெனி தள்ளாடுதுன்னு காதுல விழுந்தாலே அடுத்த மாசச் சம்பளம் வருமான்னுதான் எல்லாரும் பதறுவோம். வருஷக்கணக்கா சேர்ந்த பி.எஃப். பத்தி அப்போ யோசிக்கத் தோணாது. அதனால இதை இப்பவே படிச்சு வெச்சுக்கோ.

1. கணக்கில் ஏறின பணம் பத்திரம்
உன் யு.ஏ.என். (பி.எஃப். அடையாள எண்) கணக்கில் ஏறின பணம், பி.எஃப்.ஐ நிர்வகிக்கிற இ.பி.எஃப்.ஓ. அமைப்புகிட்ட உன் பேர்ல இருக்கு. கம்பெனிக்குக் கடன் கொடுத்த பேங்க் அதைத் தொட முடியாது. உனக்கே கடன் தலைக்கு மேல போனாலும், கடன்காரங்க அந்தப் பணத்தை ஜப்தி பண்ண முடியாது. சம்பளத்துல பிடிச்சுட்டுக் கட்டாம விட்ட மாசங்களில்தான் ஆபத்து.

2. பே ஸ்லிப்பையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டுப் பாரு
அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய்னு வெச்சுக்கோ. பே ஸ்லிப்ல 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிச்சிருப்பாங்க. பி.எஃப். பாஸ்புக்ல அந்த மாசத்துக்கு நேரா மூணு தொகை இருக்கணும்: உன் பங்கு 1,800, கம்பெனி பங்கு 550, பென்ஷனுக்கு 1,250. கம்பெனி இதை அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள கட்டணும். பதிவு செஞ்ச மொபைல்ல இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தா, கடைசியா ஏறின தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வரும்.

3. புகாரைத் தள்ளிப் போடாதே
ரெண்டு மாசம் தொடர்ந்து ஏறலைன்னா, இ.பி.எஃப்.ஓ. குறைதீர்ப்பு இணையதளத்துல எழுத்து மூலமா புகார் கொடு. பிடிச்ச பணத்தைக் கட்டாம வெச்சுக்கிறது நம்பிக்கை மோசடிக் குற்றம். திவால் வழக்கு ஏத்துக்கப்பட்டதும் கம்பெனி மேல வசூல் நடவடிக்கைகளுக்குத் தடை விழுந்துடும். அதுக்கு முன்னாடி கொடுத்த புகாருக்குத்தான் வேகம் அதிகம்.

4. பேப்பர்கள் உன் கையில் இருக்கட்டும்
பே ஸ்லிப் எல்லாம் ஆபீஸ் மெயில்லயே கிடந்தா, கம்பெனி மூடற அன்னிக்கு அதுவும் போயிடும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பே ஸ்லிப், பாஸ்புக், சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட் நாலையும் சொந்த மெயிலுக்கு மாத்திடு.

5. கெடு தேதியைக் கோட்டை விடாதே
தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் வழக்கை ஏத்துக்கிட்டதும் ஒரு தீர்வு அதிகாரியை நியமிக்கும். அவர் பேப்பர்ல பொது அறிவிப்பு கொடுப்பார். அதுல இருக்கிற கடைசித் தேதிக்குள்ள 'படிவம் டி'யில் உனக்கு வரவேண்டிய சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாத்தையும் தனித்தனியா எழுதிக் கொடு. நிறைய பேர் இருந்தா, ஒருத்தரைப் பிரதிநிதியா வெச்சு 'படிவம் இ' கொடுக்கலாம். இ.பி.எஃப்.ஓ. பார்த்துக்கும்னு சும்மா இருக்காதே.

6. உன் உரிமையை அழுத்திக் கேளு
2016-ம் வருஷ திவால் சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஊழியர்களுக்கு வரவேண்டிய பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிப் பணம் கடன்காரங்களுக்குப் பங்கு போடுற சொத்துல சேராது. 2019-ல் பறக்கிறதை நிறுத்தின ஜெட் ஏர்வேஸ் வழக்கில், பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியை முழுசா கொடுக்கணும்னு 2022-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லுச்சு. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. ஆனா கம்பெனியை எடுக்க வந்தவங்க திட்டப்படி பணம் போடலை. 2024 நவம்பர்ல சொத்துகளை விற்று கம்பெனியைக் கலைக்கவே உத்தரவு வந்துச்சு. ஜெயிச்ச ஊழியர்களும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. சட்டம் நம்ம பக்கம் இருந்தாலும், மாசாமாசம் பாஸ்புக் பார்க்கிறதுதான் முதல் காவல்.

7. வெளியேறின தேதியை நீயே போடலாம்
கம்பெனி மூடிட்டா பி.எஃப்.ஐ மாத்தறதுக்கோ எடுக்கறதுக்கோ கையெழுத்துப் போட ஆள் இருக்காது. கடைசியா பணம் ஏறின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு, ஆதார் ஓ.டி.பி. மூலமா நீயே வெளியேறின தேதியைப் பதிவு பண்ணலாம். அப்புறம் பணத்தை ஆன்லைன்ல எடுக்க ஆதார், பான், பேங்க் கணக்கு மூணும் யு.ஏ.என்.னோட இணைஞ்சிருக்கணும். விட்டுப்போனது இருந்தா, ஹெச்.ஆர். டேபிள்ல ஆள் இருக்கும்போதே இந்த வாரமே முடிச்சுடு.