பழைய காரின் ஐடிலிங் நிலையாக நிற்க 9 குறிப்புகள்

காட்பாடி நெரிசலிலும், ஷூ கம்பெனி ஷிப்ட் விடும் நேரத்து ஆம்பூர் ரோட்டிலும் வண்டி பொசுக்கென்று ஆஃப் ஆகிறதா? கார்புரேட்டர் வைத்த மாருதி 800, பத்மினி, அம்பாசிடர்காரர்களே, ஸ்க்ரூவைத் தொடும் முன் இவற்றைப் பாருங்கள். பாதிக் கோளாறு காசில்லாமலே தீரும்.

1. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை ஓட்டி, இன்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். பிறகு சமதரையில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஏசி, லைட் அணைத்துச் சோதியுங்கள். மூடிய ஷெட்டில் மட்டும் வேண்டாம், புகை உயிரைப் பறிக்கும்.

2. ஆர்பிஎம் மீட்டர் இல்லையா? நிற்கும்போது சிவப்பு சார்ஜ் லைட் மினுக்கி, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதும் அணைந்தால் ஐடிலிங் குறைவாக இருக்கலாம். பெரும்பாலான வண்டிகளுக்கு 800 முதல் 900 சுற்று போதும்.

3. நின்ற இடத்திலேயே இன்ஜின் இரைகிறதா? காலையில் இழுத்த சோக் முழுசாக உள்ளே போயிருக்கிறதா, ஆக்சிலேட்டர் கேபிள் இறுகிப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

4. ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுங்கள். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். கறுத்துப் போயிருந்தால் புதுசு போடுவதே லாபம், பெட்ரோலும் மிச்சம்.

5. 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் வாக்குவம் ஹோஸில் வெடிப்பு இருக்கும். சந்தேகமான இடத்தில் தண்ணீரைச் சொட்டுங்கள், இன்ஜின் சத்தம் மாறினால் அதுதான் இடம். பிளக் ஒயர் பக்கம் தண்ணீர் படக் கூடாது.

6. இன்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி பிஸ்கட் நிறமாக இருந்தால் நல்லது; கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

7. இத்தனைக்கும் பிறகுதான் ஸ்க்ரூ. பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் உள்ளே உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு, பழைய இடத்துக்கே திருப்புங்கள்; இறுக்கினால் ஊசிமுனை கெடும். பிறகு கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் சீராக ஓடும் இடத்தில் விட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறையுங்கள்.

8. அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் வண்டி நின்றுபோனால் ஸ்க்ரூவைக் குறை சொல்லாதீர்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்திருக்கும். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிடுங்கள்.

9. கார்புரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் ஐடிலிங்கை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அங்கே ஸ்க்ரூவைத் தேடாமல், கரி படிந்த த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் புகைச் சான்று எடுக்கப் போங்கள். மீட்டரில் கார்பன் மோனாக்சைடு அளவு குறைவாக வந்து, இன்ஜினும் சீராக ஓடினால், நீங்கள் வைத்த ட்யூனிங் சரி.