மொட்டைக் கழுத்துக் கோழி வான்கோழிக் கலப்பா?

சந்தையில் கழுத்தில் இறகில்லாத சேவலொன்றைக் காட்டி, "இது வான்கோழியும் ஊர்க்கோழியும் கலந்தது" என்று கூடிய விலை கேட்பவர்கள் உண்டு. நாலு பேடு வாங்க வைத்திருக்கும் காசை அந்த ஒரு சேவலுக்குக் கொடுக்குமுன் நாம் சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது.

அது முழுக்க முழுக்கக் கோழியே. மேல்நாடுகளிலும் இதே கதை உலாவி, 'டேர்க்கன்' என்ற பட்டப்பெயரும் இதற்கு ஒட்டிக்கொண்டது. கழுத்து இறகை இல்லாமற் செய்வது ஒரேயொரு பரம்பரையலகு. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து மட்டும் அதைப் பெற்ற கோழிக்கு முன்கழுத்தின் அடியில் ஓர் இறகுக் குஞ்சம் நிற்கும். இரண்டிடமிருந்தும் பெற்றதன் கழுத்து ஏறக்குறைய முற்றாக வெறுமையாயிருக்கும். சேவல் வாங்கும்போது இந்தக் குஞ்சத்தைத்தான் பார்க்க வேண்டும். குஞ்சமுள்ள சேவலைச் சாதாரணப் பேடுகளுடன் விட்டால் குஞ்சுகளில் பாதியளவுக்கே மொட்டைக் கழுத்து வரும். குஞ்சமில்லாததென்றால் எல்லாவற்றுக்கும் வரும். பொரித்த அன்றே அடையாளம் காணலாம்.

இதன் உண்மையான மதிப்பு வேறு. உடம்பிலும் இறகு குறைவு. குஞ்சமில்லாதவற்றில் ஏறக்குறைய 40 வீதம் குறைவு. ஆகவே உடற்சூடு இலகுவில் வெளியேறும். தகரக் கூரையின் கீழ் மற்றக் கோழிகள் வாயைப் பிளந்து இளைக்கும் கோடையிலும் இது தீன் எடுக்கும். ஆனால் மாரி இரவுகளில் இதன் குஞ்சுகளுக்குக் கூடுதலான கதகதப்பு வேண்டும்.

வான்கோழியையும் கோழியையும் ஆய்வுகூடங்களில் செயற்கை விந்தூட்டி இணைக்க முயன்றிருக்கிறார்கள். பெரும்பாலான கருக்கள் ஓட்டுக்குள்ளேயே இறந்தன. முற்றத்தில் இக்கலப்பை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையும் ஒரே நிலத்தில் வளர்க்கவும் வேண்டாம். கோழியின் குடற்புழு முட்டைகளோடு மண்ணில் தங்கும் நோய்க்கிருமி ஒன்று கோழியை அவ்வளவாகத் தாக்காது. வான்கோழியின் ஈரலையோ அழித்துவிடும். மஞ்சள் நிறக் கழிச்சல் அதன் அறிகுறி.

தாராக்களில் கலப்பு நடப்பதுதான். முகத்தில் சிவந்த சதை முடிச்சுள்ள மஸ்கோவி ஆண் தாராவும் சாதாரணப் பெண் தாராவும் சேர்ந்தால் நல்ல இறைச்சிக் குஞ்சுகள் கிடைக்கும். அவை கோவேறு கழுதை போல மலடு. அடுத்த தலைமுறைக்கென்று அவற்றை வைத்திருந்தால் தீன்தான் செலவாகும்.

காட்டுக்கோழிகள் கோழிக்கு நெருங்கிய உறவு. பல ஊர்க்கோழிகளின் தோலும் காலும் மஞ்சளாயிருப்பது இந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த பண்பு என 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி இன்னோர் இனம். சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு இருக்கும். அதன் சேவல் வளர்ப்புப் பேட்டுடன் சேர்ந்து குஞ்சு பொரிப்பதுண்டு. ஆனால் அக்கலப்புக் குஞ்சுகளின் இனவிருத்தித் திறன் குறைவு. காட்டில் முட்டை எடுத்து வந்து அடைவைக்கும் ஆசையை விட்டு, அந்த அடைக்கோழியின் கீழ் அவளது முட்டைகளையே வையுங்கள். 21 நாளில் குஞ்சு வரும்.